மாக்ரோ உடைந்துவிட்டதா, நின்றுவிட்டதா? அப்டேட்டுக்குப் பிறகு எக்செலில் எதை எந்த வரிசையில் பார்ப்பது

"நேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடிச்சு சார். ராத்திரி அப்டேட் ஆச்சு, காலையில வந்து பட்டனை அழுத்தினா ஒண்ணும் நடக்கல." எக்செலில் சம்பளப் பட்டியலோ ஸ்டாக் கணக்கோ போடும் அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. உடனே ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பும். ஆபீஸை அழித்துவிட்டு மறுபடி போடு என்பார் ஒருவர். செக்யூரிட்டி செட்டிங்கை முழுக்கத் திறந்துவிடு என்பார் இன்னொருவர். வைரஸ் புகுந்துவிட்டது, ஃபைலைத் தொடாதே என்பார் மூன்றாமவர். முதல் வைத்தியத்தில் அரை நாள் போகும். இரண்டாவதில் கம்ப்யூட்டரின் காவலே போகும். மூன்றாவதில் அன்றைய வேலை போகும். கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

"மாக்ரோ ஓடவில்லை" என்ற ஒரே பேச்சுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் எதிலுமே மாக்ரோவின் எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. மாறியதெல்லாம் அதைச் சுற்றி இருப்பவைதான்.

## மாக்ரோ என்பது எழுதி வைத்துவிட்டுப் போன சீட்டு

ஊருக்குப் போகும் ஒருவர், சமைக்க வரும் ஆளுக்குச் சீட்டு எழுதி வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சாவியை எதிர்வீட்டில் வாங்கிக்கொள். இரண்டாவது தட்டில் நீல மூடி டப்பாவில் பருப்பு இருக்கிறது. ஒரு ஆழாக்கு எடு. பக்கத்து வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்."

சீட்டு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிர்வீட்டார் "உன்னை யாரென்று தெரியாது" என்று சாவி தர மறுக்கலாம். பக்கத்து வீட்டார் காலி செய்துகொண்டு போயிருக்கலாம். பழைய ஆழாக்கு போய் வேறு அளவில் ஒன்று வந்திருக்கலாம். டப்பா வேறு தட்டுக்கு மாறியிருக்கலாம். நான்கிலும் முடிவு ஒன்றுதான்: சாப்பாடு இல்லை. ஆனால் சாவி கிடைக்காததற்கு மிக்ஸியை ரிப்பேர் செய்து பயனில்லை.

எக்செலில் அந்தச் சீட்டுதான் மாக்ரோ. எக்செல் வரிசையாகச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதி, ஃபைலுக்குள்ளேயே சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பு. அது எழுதப்படும் மொழி விபிஏ. 1993இல் எக்செல் 5 உடன் வந்தது. இன்றும் அதே மொழிதான். மொழி பெரிதாக மாறவில்லை. அதைச் சுற்றியுள்ள விண்டோஸும் ஆபீஸும் அவுட்லுக்கும் மாறிக்கொண்டே இருக்கின்றன. தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

## முதல் கேள்வி: தொடங்கியதா, நடுவில் நின்றதா?

எதையும் தொடுவதற்கு முன் ஃபைலை அதே ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகலை உங்களுக்கே மெயில் அனுப்பி எடுக்காதீர்கள். அது ஏன் புதுத் தொல்லை என்பது அடுத்த பகுதியில் வருகிறது. ஃபைலின் கடைசி எழுத்துகளையும் பாருங்கள். பெரும்பாலும் எக்ஸ்எல்எஸ்எம் என்றிருக்கும். யாராவது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்திருந்தால் மாக்ரோ ஃபைலில் இருக்கவே இருக்காது.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. வெற்று ஒர்க்புக் ஒன்றைத் திறந்து ஆல்ட்டும் எஃப்11உம் சேர்த்து அழுத்தினால் விபிஏ எடிட்டர் வரும். இன்செர்ட் மெனுவில் மாட்யூல் (மாக்ரோ எழுதும் பக்கம்) எடுத்து, ஒரு செய்திப் பெட்டியைக் காட்டும் ஒற்றை வரி மாக்ரோ எழுதி எஃப்5 அழுத்துங்கள். பெட்டி வந்தால் விபிஏ நலமாக இருக்கிறது. ஆபீஸை மறுபடி போடும் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம்.

பிறகு பழுதான ஃபைலைத் திறந்து என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். மேலே ஒரு பட்டை வந்து மாக்ரோ தொடங்கவே இல்லையென்றால் அது சாவிப் பிரச்சினை. "கம்பைல் எரர்" என்று வந்தால், சீட்டைப் படிக்கும்போதே எக்செலுக்குப் புரியாத ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் மிக்ஸியோ ஆழாக்கோ. "ரன்-டைம் எரர்" என்று எண்ணோடு வந்தால், ஓடத் தொடங்கி நடுவில் எதையோ தேடிக் காணாமல் நின்றிருக்கிறது. அந்த எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். "ஏதோ எரர் வந்தது, ஓகே கொடுத்துவிட்டேன்" என்பதிலிருந்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

## சாவி: சிவப்புப் பட்டையும் மஞ்சள் பட்டையும்

மஞ்சள் பட்டை பழையது, சாது. மாக்ரோ நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும். பக்கத்திலேயே "எனேபிள் கன்டென்ட்" பட்டன் இருக்கும். அழுத்தினால் முடிந்தது.

சிவப்புப் பட்டையில் அப்படியொரு பட்டன் கிடையாது. அதனால்தான் பலர் மாக்ரோ உடைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இணையத்திலிருந்தோ மெயிலிலிருந்தோ வந்த ஃபைல்களின் மாக்ரோவை ஓடவே விடாமல் தடுப்பது என்று மைக்ரோசாஃப்ட் 2022இல் மாற்றியது. ஏப்ரலில் தொடங்கி, ஜூலையில் புகார்கள் குவிந்ததால் சில நாள் நிறுத்தி வைத்து, அதே மாதம் மீண்டும் கொண்டுவந்தார்கள். வைரஸ் பரப்புகிறவர்களுக்கு மாக்ரோ அவ்வளவு வசதியான வழியாக இருந்தது. அந்த வகையில் இது நல்ல மாற்றம்தான்.

ஃபைல் இணையத்திலிருந்து வந்தது என்று எக்செலுக்கு எப்படித் தெரியும்? பிரவுசரோ மெயில் மென்பொருளோ ஃபைலைச் சேமிக்கும்போது விண்டோஸ் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒன்று வைக்கிறது. வெளிநாட்டுப் பார்சலில் சுங்கத்துறை ஒட்டும் சீட்டு போல. ஃபைலுக்குள் இருப்பது நல்லதா கெட்டதா என்பது அந்த முத்திரைக்குத் தெரியாது. வெளியிலிருந்து வந்தது என்பது மட்டும்தான் தெரியும். மெயிலில் நகல் எடுக்காதீர்கள் என்றது இதனால்தான்.

முத்திரையை எடுக்க: ஃபைலை மூடுங்கள். ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். ஜெனரல் பகுதியின் அடியில் "அன்பிளாக்" என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் செய்து ஓகே கொடுத்துத் திறங்கள். ஜிப் ஆக வந்திருந்தால் பிரிப்பதற்கு முன்பே ஜிப்பை அன்பிளாக் செய்துவிடுங்கள். பிரித்த பிறகென்றால் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டிவரும். அனுப்பியவர் யாரென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

இணையத்தையே தொடாத ஆபீஸ் சர்வர் ஃபைலுக்கும் சில சமயம் சிவப்புப் பட்டை வரும். சர்வரைப் பெயர் சொல்லித் திறக்காமல் 192.168 என்று தொடங்கும் எண் முகவரியால் திறக்கிறீர்களா என்று பாருங்கள். முகவரியில் புள்ளிகள் இருந்தால் விண்டோஸ் அதை வெளியிடமாகக் கணக்கெடுக்கும். சர்வரின் பெயராலேயே திறந்தால் பெரும்பாலும் பட்டை போய்விடும். தினமும் புழங்கும் ஃபோல்டரை, எக்செலின் பாதுகாப்பு செட்டிங்குகள் இருக்கும் டிரஸ்ட் சென்டரில் "டிரஸ்டட் லொகேஷன்" ஆகச் சேர்ப்பது இன்னொரு வழி. "எனேபிள் ஆல் மாக்ரோஸ்" மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஒரு ஃபைலுக்காக வாசல் கதவையே கழற்றி வைக்கிற வேலை. அதைச் செய்தாலும் முத்திரை உள்ள ஃபைலின் மாக்ரோ ஓடும் என்று நம்ப முடியாது.

சுருக்கமாக: பட்டை வந்தால் மாக்ரோ உடையவில்லை, வாசலில் நிற்கிறது. மாக்ரோவின் எழுத்தைத் திருத்தும் வேலை எதுவும் இல்லை.

## பக்கத்து வீட்டு மிக்ஸி: காணாமல் போன ரெஃபரன்ஸ்

குழப்புவதில் இதற்கு ஈடு கிடையாது. மாக்ரோ எல்லா வேலையையும் எக்செலை வைத்தே முடிப்பதில்லை. மெயில் அனுப்ப அவுட்லுக்கிடமும், கடிதம் தயாரிக்க வேர்டிடமும் வேலை வாங்கும். அப்படி வெளியிலிருந்து இரவல் வாங்கும் கட்டளைத் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். "இன்ன லைப்ரரி, இன்ன பதிப்பு எனக்கு வேண்டும்" என்று ஃபைலுக்குள் இருக்கும் குறிப்புதான் ரெஃபரன்ஸ்.

ஊழியர் பெயர்களில் உள்ள வீண் இடைவெளியை நீக்கும் ஒரு சம்பள மாக்ரோவை எடுத்துக்கொள்வோம். பட்டனை அழுத்தினால் "கான்ட் ஃபைண்ட் ப்ராஜெக்ட் ஆர் லைப்ரரி" என்று பெட்டி வருகிறது. எடிட்டரில் "ட்ரிம்" என்ற சொல் நிறமிட்டுக் காட்டப்படுகிறது. ட்ரிம் விபிஏவின் சொந்தக் கட்டளை, எந்தக் காலத்திலும் காணாமல் போகாதது. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் ட்ரிம்மை மாற்றி மாற்றி எழுதி ஒரு பொழுதைக் கழிப்பார்கள். லெஃப்ட், டேட், ஃபார்மட் ஆகியவையும் இதே மாதிரி பழி சுமப்பவை.

உண்மையில் நடப்பது இது: ஒரு சொல்லைப் பார்த்ததும் அது எந்த லைப்ரரியைச் சேர்ந்தது என்று விபிஏ ரெஃபரன்ஸ் பட்டியலில் தேடிப் போகிறது. பட்டியலில் ஒன்று காணாமல் போயிருந்தால் தேடல் அங்கேயே முட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில் கையில் எந்தச் சொல் இருந்ததோ அதன்மேல் பழி விழுகிறது.

எடிட்டரில் மாக்ரோ பாதியில் நின்றிருந்தால் முதலில் ரீசெட் கொடுங்கள். சின்னச் சதுரம் போட்ட பட்டன். இல்லாவிட்டால் அடுத்த மெனு மங்கலாகவே கிடக்கும். டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்சஸ் திறந்து, டிக் போட்ட வரிகளில் "மிஸ்ஸிங்" என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். தேவையில்லாததென்றால் டிக்கை எடுத்துவிடுங்கள். தேவையென்றால் அதே பட்டியலில் இப்போதுள்ள பதிப்பைத் தேடி டிக் செய்யுங்கள். பிறகு டீபக் மெனுவில் "கம்பைல்" கொடுங்கள். எதுவும் சொல்லாமல் மெனு மூடிக்கொண்டால் இந்தக் கோளாறு தீர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை: பல நேரங்களில் அப்டேட் செய்தவருக்கு ஒன்றும் ஆகாது, செய்யாதவருக்குத்தான் உடையும். ஆபீஸ் 2010இன் உள் எண் 14, 2013க்கு 15, 2016க்கு 16. புதிய ஆபீஸில் ஃபைலைத் திறந்தால் எக்செல் அந்த ரெஃபரன்சைத் தானாகவே மேல் பதிப்புக்கு ஏற்றிவிடும். சேமித்துத் திருப்பி அனுப்பினால், பழைய ஆபீஸ் அதைக் கீழே இறக்கத் தெரியாமல் "மிஸ்ஸிங்" என்கிறது. 2016க்குப் பிறகு வந்த 2019, 2021, 365 எல்லாவற்றுக்கும் உள் எண் 16தான். அதனால் அவற்றுக்குள் மாறும்போது இந்தத் தொல்லை அரிது.

நிரந்தரத் தீர்வுக்கு "லேட் பைண்டிங்" என்று பெயர். ரெஃபரன்ஸ் எதுவும் குறிக்காமல், ஓடும் நேரத்தில் "கிரியேட்ஆப்ஜெக்ட்" கட்டளையால் அவுட்லுக்கையோ வேர்டையோ கூப்பிடுவது. எந்தப் பதிப்பு இருக்கிறதோ அது வரும். ஆனால் ஒரு குழி இருக்கிறது. ரெஃபரன்சை எடுத்துவிட்டால் அந்த லைப்ரரியின் மாறிலிப் பெயர்களும், அதாவது நிலையான எண்களுக்கு அது வைத்த பெயர்களும், கூடவே போய்விடும். வேர்டில் பிடிஎஃப் ஆகச் சேமிப்பதற்கான மாறிலியின் மதிப்பு 17. ரெஃபரன்ஸ் இல்லாமல் பெயரை மட்டும் எழுதினால், "ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்" போடாத மாட்யூலில் அது சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். 0 என்றால் பழைய டாக் வடிவம். பெயரில் பிடிஎஃப், உள்ளே வேர்டு ஃபைல், வாடிக்கையாளருக்குத் திறக்காது. எனவே பெயருக்குப் பதில் 17 என்ற எண்ணையே எழுதுங்கள். ஒவ்வொரு மாட்யூலின் தலையிலும் ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் இருக்கட்டும். அறிவிக்காத பெயர் எதையும் அது உள்ளே விடாது.

## ஆழாக்கு: 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு

கம்ப்யூட்டர் மாற்றியபோதோ ஆபீஸை மறுபடி போட்டபோதோ இது வரும். 2019 முதல் ஆபீஸ் தானாகவே 64 பிட்டாக ஏறுகிறது. முன்பு 32 பிட் இருந்தது. பிட் என்பது இங்கே நினைவகத்தின் முகவரி எழுதும் அளவு: 32 பிட்டில் ஒரு முகவரிக்கு 4 பைட், 64 பிட்டில் 8 பைட்.

சாதாரண மாக்ரோவுக்கு இது பொருட்டே அல்ல. விண்டோஸின் உள் கட்டளைகளை நேரடியாகக் கூப்பிடும் மாக்ரோவுக்குத்தான் பொருட்டு. மாட்யூலின் மேல்பகுதியில் "டிக்ளேர்" என்று தொடங்கும் வரிகள் இருந்தால் அது அந்த ரகம். அந்த வரிகளில் "பிடிஆர்சேஃப்" சேர்க்கச் சொல்லி எக்செலே பிழைச் செய்தியில் கேட்கும். அதை மட்டும் ஒட்டவைத்துவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பதுதான் தப்பு. அந்தச் சொல் "இதை 64 பிட்டுக்குச் சரிபார்த்துவிட்டேன்" என்ற உங்கள் கையெழுத்து மட்டுமே. முகவரியையோ விண்டோ அடையாள எண்ணையோ தாங்கும் இடங்களில் "லாங்" என்ற எண் வகையை "லாங்பிடிஆர்" என்று மாற்ற வேண்டும். 8 பைட் முகவரியை 4 பைட் லாங்கில் அடைத்தால் எக்செல் ஒரு பிழைச் செய்திகூடக் காட்டாமல் மூடிக்கொள்ளலாம். அதற்காக எல்லா லாங்கையும் மாற்றிவிடவும் கூடாது. வரி எண்ணும் லாங் லாங்காகவே இருக்கட்டும்.

தேதி தேர்ந்தெடுக்கும் பழைய "டிடிபிக்கர்" பெட்டியை ஃபார்மில் வைத்திருந்தால், 64 பிட் ஆபீஸில் அது வராது. 32 பிட்டில் மட்டுமே ஓடுவது அது. சாதாரண டெக்ஸ்ட்பாக்ஸ் வைத்துத் தேதியைச் சரிபார்த்துக்கொள்வதே சுலபம்.

இதுவரை: கம்பைல் எரர் வந்தால் ரெஃபரன்ஸ் பட்டியலையும் டிக்ளேர் வரிகளையும் பாருங்கள். இனி ஓடத் தொடங்கி நடுவில் நிற்பவை.

## இடம் மாறிய டப்பா

பிழை எண் 429 வந்து, நின்ற வரி அவுட்லுக்கைக் கூப்பிடுவதாக இருந்தால், மேல் மூலையில் "நியூ அவுட்லுக்" சுவிட்சை யாராவது தட்டிவிட்டார்களா என்று பாருங்கள். புதிய அவுட்லுக் பெயரில்தான் அவுட்லுக். மாக்ரோக்களுக்குப் பதில் சொல்லும் வழியே அதில் கிடையாது. பழைய அவுட்லுக்குக்குத் திரும்புவதுதான் இப்போதைக்கு வழி. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து தளங்களிலிருந்து விவரம் எடுத்த மாக்ரோக்களும் இப்படித்தான் நின்றன. அந்த பிரவுசருக்கு 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் ஓய்வு கொடுத்துவிட்டது.

பிழை எண் 52, ஃபைலைத் தேடும் வரியில் வந்தால் சந்தேகம் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ் மேல். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவுக்குள் போய்விட்டால், "இந்த ஒர்க்புக் எங்கே இருக்கிறது" என்று மாக்ரோ கேட்கும்போது சி டிரைவ் பாதைக்குப் பதில் இணைய முகவரி பதிலாக வரும். ஃபோல்டரைத் துழாவும் "டிர்" கட்டளைக்கு இணைய முகவரி புரியாது. ஃபைலை ஒன்டிரைவுக்கு வெளியே ஒரு ஃபோல்டருக்கு மாற்றிப் பாருங்கள். ஓடினால் காரணம் கிடைத்துவிட்டது.

பிழை எண் 6க்கு அப்டேட் மேல் பழி போடுவது அநியாயம். "இன்டிஜர்" என்ற எண் வகை 32,767 வரைதான் தாங்கும். வரி எண்ணை அதில் வைத்திருந்தால், தரவு 32,768ஆவது வரியைத் தொடும் நாளில் மாக்ரோ விழும். அந்த நாளும் அப்டேட் நாளும் ஒன்றாக அமைந்தால் பழி யார்மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. லாங் என்று மாற்றினால் போதும். இதன் அண்ணன் ஒருவர் பிழையே காட்டமாட்டார்: கடைசி வரியைக் கண்டுபிடிக்க 65,536ஆவது வரியிலிருந்து மேலே தேடும் பழைய கட்டளை. 2003 வரை ஷீட்டில் அவ்வளவுதான் வரிகள். 2007 முதல் 10,48,576.

## பட்டன் மட்டும் செத்துப்போனால்

மாக்ரோவை ஆல்ட்டும் எஃப்8உம் அழுத்திப் பட்டியலிலிருந்து ஓட்டினால் ஓடுகிறது, பட்டனை அழுத்தினால் மட்டும் அசைவில்லை என்றால் அது ஆக்டிவ்எக்ஸ் பட்டனாக இருக்கும். ஆக்டிவ்எக்ஸ் என்பது ஷீட்டில் பதிக்கும் தனிச் சிறு நிரல். 2014 டிசம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட் ஒன்று இந்தப் பட்டன்களை ஊரெங்கும் முடக்கியது. அன்றைய மருந்து இன்றும் சில நேரம் பலிக்கிறது: ஆபீஸ் மென்பொருள்கள் அனைத்தையும் மூடிவிட்டு, விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரில் "எக்செல்8.0" என்ற உள் ஃபோல்டரைத் திறந்து, இஎக்ஸ்டி என்று முடியும் ஃபைல்களை அழித்துவிடுவது. அவை தற்காலிக நகல்கள்; எக்செல் தேவைப்பட்டால் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும்.

ஆனால் ஆபீஸ் 2024இலும், 2025 ஏப்ரல் முதல் 365இலும் ஆக்டிவ்எக்ஸ் தொடக்கத்திலேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. டிரஸ்ட் சென்டரில் திறந்துவிடலாம். அதைவிட, மேலே உள்ள டெவலப்பர் மெனுவில் "ஃபார்ம் கன்ட்ரோல்ஸ்" பகுதியிலிருந்து பட்டன் ஒன்றை எடுத்து வைத்து அதே மாக்ரோவை ஒட்டிவிடுவது நல்லது. இரண்டு நிமிட வேலை.

## பிழையே வரவில்லை, கணக்குதான் தப்பு

பயப்பட வேண்டியது இதற்குத்தான். மாக்ரோவில் "ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்" என்ற வரியைத் தேடுங்கள். பிழை வந்தாலும் வாயைத் திறக்காமல் அடுத்த வரிக்குப் போ என்று அதற்கு அர்த்தம். அந்த வரியின் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டுச் செயலிழக்கச் செய்து, எஃப்8 அழுத்தி வரி வரியாக ஓட்டினால் ஒளிந்திருந்த பிழை எண்ணோடு வெளியே வரும்.

மாக்ரோ போட்ட சூத்திரங்களில் திடீரென்று @ குறி முளைத்து ஒரே ஒரு மதிப்பு மட்டும் வந்தால், அது புதிய எக்செலின் சூத்திர முறை. ஒரே சூத்திரத்தின் விடை பல கட்டங்களுக்குப் பரவுவதை இப்போது எக்செல் அனுமதிக்கிறது. ஆனால் பழைய "ஃபார்முலா" கட்டளையால் எழுதினால் பழைய வழக்கப்படி ஒற்றை விடைக்குக் கட்டிப்போடுகிறது. "ஃபார்முலா2" என்று மாற்றினால் பரவும்.

## அப்டேட்டையே திரும்பப் பெறலாமா?

உண்மையிலேயே அப்டேட்தான் குற்றவாளி என்ற நாட்களும் உண்டு. 2019 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட், விபிஏ மாக்ரோக்களை "இன்வேலிட் ப்ரொசீஜர் கால்" என்ற பிழையோடு நிறுத்தியது. சில நாட்களில் மைக்ரோசாஃப்டே திருத்தம் வெளியிட்டது. இப்படிப்பட்ட நாளில் ஒரே அலுவலகத்தில் பல கம்ப்யூட்டர்களில், சம்பந்தமில்லாத ஃபைல்களும் சேர்ந்து விழும். ஒரு ஃபைல் மட்டும் விழுந்தால் தேட வேண்டியது அந்த ஃபைலில்.

365இல் முந்தைய பதிப்புக்குத் திரும்ப வழி இருக்கிறது. ஐடி பொறுப்பாளர் செய்வார். அவரிடம் போகும்போது மூன்று விவரம் கையில் இருக்கட்டும்: பிழை எண், நின்ற வரி, ஃபைல் மெனுவின் அக்கவுன்ட் பக்கத்தில் உள்ள பதிப்பு எண். திரும்பினாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் அத்தோடு கழன்றுவிடும் என்பதால், திருத்தம் வரும்வரை ஓரிரு வாரம் என்று நாள் குறித்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. சம்பளம் போடும் கம்ப்யூட்டரில் 28ஆம் தேதி அப்டேட் ஏறாமல், 5ஆம் தேதிக்குத் தள்ளி வைக்கும்படி அவரிடமே சொல்லிவிட்டும் வரலாம்.